ஜப்பானில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா போகிறவர்களுக்கு ஒரு செலவுக் கணக்கு

ஜப்பான் போய்வந்தவர்களிடம் "ஒரு நாளைக்கு எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஐயாயிரம் ரூபாய் தாராளம் என்பார். இன்னொருவர் பதினைந்தாயிரம் இல்லாமல் கிளம்பாதே என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முன்னவர் ஒசாகாவில் சுற்றிய நாளை நினைத்துச் சொல்கிறார், பின்னவர் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயில் ஏறிய நாளை நினைத்துச் சொல்கிறார். இந்த இரண்டையும் கூட்டி, வகுத்து, சராசரி எடுத்துக்கொண்டு போனால் பயணத்தின் நடுவில் கையைப் பிசைய வேண்டியதுதான். கணக்குப் போட்டுப் போட்டு நான் திண்டாடி முடித்த பிறகு கைக்கு வந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு விஷயம் முதலிலேயே. விமானக் கட்டணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நூறு யென்னை அறுபது ரூபாய் என்று வைத்திருக்கிறேன். சந்தையில் அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும் அறுபது என்றே போடுங்கள், வங்கி பிடிக்கும் கமிஷன் அதில் அடங்கிவிடும்.

1. விசாவுக்கு எழுதும் பயணத் திட்டத்திலேயே கணக்கைத் தொடங்குங்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம். பூர்த்தி செய்த படிவம், புகைப்படம், விமான முன்பதிவு, தங்குமிட முன்பதிவு, வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு இவற்றோடு நாள்வாரிப் பயணத் திட்டம் ஒன்றும் கேட்பார்கள். எந்தத் தேதி, எந்த ஊர், என்ன பார்க்கிறீர்கள், இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று வரிசையாக எழுத வேண்டும். இதை ஒரு சடங்காக நினைத்து இணையத்தில் கிடைத்ததை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, செலவுக் கணக்கைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்படிச் செய்யாதீர்கள். அதே தாளை எக்செல்லில் திறந்து, பக்கத்தில் ஐந்து பத்திகள் சேருங்கள்: தங்கல், ஊர் மாறும் பயணம், ஊருக்குள் பயணம், சாப்பாடு, நுழைவுச்சீட்டு. விசாவும் ஆயிற்று, பட்ஜெட்டும் ஆயிற்று. வங்கி அறிக்கையில் இருக்கும் பணம் அந்தத் தாளின் மொத்தத்தைத் தாங்குகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். விண்ணப்பிக்கும் வாரத்தில் மாமா கணக்கிலிருந்து மொத்தமாக ஒரு தொகையை இறக்கிக் காட்டும் வேலை வேண்டாம். அது கண்ணை உறுத்தும்.

காலக் கணக்கு: ஒருமுறை நுழைவு விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அதனால் ஆறு மாதம் முன்பே விண்ணப்பித்துப் பயனில்லை. கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கினால் சரியாக இருக்கும். அதுவரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

மின்விசா வாங்கினால் ஒரு பொறி உண்டு. விமான நிலையத்தில் அதை இணைய இணைப்போடு கைபேசித் திரையில் நேரலையாகக் காட்டச் சொல்வார்கள். அச்செடுத்த தாளோ ஸ்கிரீன்ஷாட்டோ செல்லாது. ஆகவே இணைய வசதிக்கான செலவு முதல் நாளுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

2. நாட்களை மூன்று வகையாகப் பிரியுங்கள்

எல்லா நாளும் ஒரே விலை இல்லை. வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் ஒரு வகை, ஒரே ஊரில் சுற்றும் நாள் இன்னொரு வகை, ஊர் மாறும் நாள் மூன்றாவது. தாளில் மூன்றுக்கும் மூன்று நிறம் அடித்துவிடுங்கள்.

வந்திறங்கும் நாளில் பெரிய செலவு விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போவதுதான். டோக்கியோவுக்கு நரிதா, ஹனேடா என்று இரண்டு நிலையங்கள். நரிதா தள்ளி இருக்கிறது. நரிதா எக்ஸ்பிரஸ் டோக்கியோ நிலையம் வரை 3,000 யென்னுக்குச் சற்று மேல், உயேனோ பக்கம் தங்கினால் ஸ்கைலைனர் 2,580 யென். அவசரம் இல்லாதவர்கள் கெய்செய் நிறுவனத்தின் சாதாரண ரயிலில் அதில் பாதிக்கும் குறைவாகப் போய்விடலாம். ஹனேடாவில் இறங்கினால் மோனோரயிலோ கெய்க்யூ ரயிலோ 500 யென்னை ஒட்டித்தான் வரும். ஒசாகா கன்சாய் நிலையத்திலிருந்து ஊர் நடுவில் இருக்கும் நம்பாவுக்கு நன்காய் ரயில் 970 யென்.

விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று நள்ளிரவில் நரிதாவில் இறங்கும் விமானத்தைப் பிடிக்காதீர்கள். கடைசி ரயில் போய்விட்டால் டாக்ஸிக்கு இருபதாயிரம் யென்னுக்கு மேல் ஆகும். இரவு 10 மணியிலிருந்து காலை 5 வரை டாக்ஸியில் இருபது சதவீதம் கூடுதல் வேறு. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அத்தனையும் போய்விடும்.

3. ஊர் மாறும் நாள்: ரயில் பாஸை யோசித்து வாங்குங்கள்

"ஜப்பான் போகிறாயா, முதலில் ரயில் பாஸ் வாங்கு" என்பது பழைய அறிவுரை. ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் ரயில்களில் நாடு முழுக்க ஏறிக்கொள்ள உதவும் பாஸ் அது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்குத் தாவிவிட்டது. அதற்கு முன் போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு வாங்கினால் நஷ்டம்தான்.

நீங்களே கூட்டிப் பாருங்கள். டோக்கியோ–கியோட்டோ நொசோமி ரயிலில் இருக்கை முன்பதிவோடு 14,000 யென்னுக்குச் சற்று மேல். போகவர 28,500 வைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போய், அங்கிருந்து நேராக டோக்கியோ திரும்பினால்கூட மூன்று டிக்கெட்டும் சேர்ந்து 46,000 யென்னுக்குள் அடங்கிவிடும். பாஸ் கையில் இருந்தாலும் மிக வேகமான நொசோமியில் ஏறக் கூடுதல் கட்டணம் உண்டு. டோக்கியோ–கியோட்டோவுக்கு அது 4,960 யென். ஆக, வழக்கமான டோக்கியோ–கியோட்டோ–ஒசாகா பயணத்துக்குப் பாஸ் தேவையே இல்லை.

இதைவிடப் பெரிய சேமிப்பு விமான டிக்கெட்டில் இருக்கிறது. டோக்கியோவில் இறங்கி ஒசாகா கன்சாயிலிருந்து கிளம்பும்படி டிக்கெட் போட்டால் திரும்பிவரும் 14,000 யென்னும் ஒரு அரை நாளும் மிச்சம். இருவழி டிக்கெட்டைவிட இரண்டு மூன்றாயிரம் ரூபாய் கூடினாலும் லாபம்தான். இரவுப் பேருந்தும் இருக்கிறது. ரயிலில் பாதிக்கும் கீழே முடியும், ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். ஆனால் மறுநாள் பகல் தூங்கி வழியும். சின்ன வயதுக்காரர்களுக்குச் சரி, பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

நம்மவர்கள் பெரிய பெட்டி இல்லாமல் கிளம்புவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. பதியாமல் ஏறினால் 1,000 யென் கேட்பார்கள். வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஆறிலிருந்து பதினொரு வயது வரை பிள்ளைகளுக்கு ரயிலில் அரை டிக்கெட். அதற்குக் கீழே, தனி இருக்கை கேட்காவிட்டால், இலவசம். பன்னிரண்டு முடிந்தால் முழு டிக்கெட்.

4. தங்கல்

இதில்தான் பட்ஜெட் ஏறும், இறங்கும். இரண்டு பேர் தங்கும் பிசினஸ் ஹோட்டல் அறை சாதாரண நாளில் 12,000 முதல் 18,000 யென். ஹாஸ்டல் படுக்கை 3,500 முதல் 5,000. அறை சின்னதாக இருக்கும். இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்க இடம் இருக்காது, தயாராகவே போங்கள்.

விலையைத் தீர்மானிப்பது தேதி. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை செர்ரிப் பூக்காலம், ஏப்ரல் கடைசி மே தொடக்கத்தில் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை, நவம்பரில் கியோட்டோவின் இலையுதிர் கூட்டம், ஆண்டு இறுதி. இந்த நாட்களில் மேலே சொன்ன விலையை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு எப்போதுமே கூடுதல். அதனால் சனி இரவு எந்த ஊரில் வருகிறது என்று பார்த்து ஊர் வரிசையை மாற்றினாலே நல்ல தொகை மிச்சமாகும். கியோட்டோவில் விலை எகிறியிருந்தால் ஒசாகாவில் தங்கிக்கொண்டு போய்வரலாம், ரயிலில் அரை மணி நேரம்தான்.

அறை வாடகைக்கு மேல் தங்கல் வரி தனி. பல முன்பதிவுத் தளங்கள் இதைக் காட்டாது, வரவேற்பில் வந்து நிற்கும்போதுதான் கேட்பார்கள். டோக்கியோவில் தலைக்கு ஒரு இரவுக்கு 10,000 யென்னுக்குக் கீழ் என்றால் வரி இல்லை. கியோட்டோவில் 2026 மார்ச் முதல் கூட்டியிருக்கிறார்கள்: தலைக்கு 6,000 யென்னுக்குக் கீழ் என்றால் 200, அதிலிருந்து 20,000-க்குக் கீழ் வரை 400, அதிலிருந்து 50,000-க்குக் கீழ் வரை 1,000 யென், அதையும் தாண்டினால் இன்னும் அதிகம். நான்கு பேர் குடும்பம் நான்கு இரவு தங்கினால் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள், ஒருவரின் ஒரு நாள் சாப்பாட்டுக் காசாவது வரும்.

5. ஊருக்குள் சுற்றுவது

முதல் வேலை, பணம் ஏற்றி இயந்திரத்தில் தொட்டுச் செலுத்தும் ஐசி கார்டு ஒன்று வாங்குவது. டோக்கியோவில் சுயிகா, ஒசாகா பக்கம் இகோகா. எது வாங்கினாலும் இந்த மூன்று ஊரிலும் செல்லும். ரயில், பேருந்து, கடை, தானியங்கி இயந்திரம் எல்லாவற்றுக்கும் அதே கார்டுதான். சாதாரண கார்டுக்கு 500 யென் வைப்புத்தொகை. பயணிகளுக்கான வெல்கம் சுயிகாவில் வைப்புத்தொகை கிடையாது, 28 நாள் செல்லும், ஆனால் மிச்சப் பணம் திரும்பாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் சுயிகாவை போனிலேயே ஏற்றிக்கொள்ளலாம். நம் ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அது வேலை செய்யாது.

டோக்கியோவில் ரயில் நடத்துவது ஒரே நிறுவனம் இல்லை. ஜேஆர், டோக்கியோ மெட்ரோ, தோயெய் என்று தனித்தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் மறுபடி புதிதாகக் கட்டணம் தொடங்கும். டோக்கியோ மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 180 யென்தானே என்று நினைப்போம். மாறி மாறி ஏறினால் ஒரு போக்கிலேயே 400 ஆகிவிடும். கூகுள் வரைபடம் காட்டும் வழிகளில் ஐந்து நிமிடம் கூடினாலும் ஒரே நிறுவனத்தில் முடியும் வழியைத் தேர்ந்தெடுங்கள். டோக்கியோவில் ஊருக்குள் ஒரு நாளுக்கு 800 முதல் 1,200 யென் போதும்.

கியோட்டோவில் பேருந்துதான் எல்லாம். நகருக்குள் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 230 யென். முன்பிருந்த பேருந்து மட்டும் ஒருநாள் பாஸை நிறுத்திவிட்டார்கள். இப்போது பேருந்தும் சுரங்க ரயிலும் சேர்ந்த பாஸ் 1,100 யென், ஐந்து முறை ஏறினால்தான் கட்டும். பின்பக்கம் ஏறி, முன்பக்கம் இறங்கும்போது காசு கொடுக்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பெட்டி மீதிச் சில்லறை தராது. அதே பெட்டியில் சில்லறை மாற்ற வேறொரு துளை இருக்கும், 1,000 யென் தாளை அதில் விட்டால் நாணயமாகக் கொட்டும், அதிலிருந்து 230-ஐ எண்ணி மேலே போட வேண்டும். பின்னால் இருபது பேர் நிற்கும்போது இதைச் செய்து பார்த்தால் ஐசி கார்டின் அருமை புரியும்.

ஒசாகா மெட்ரோவில் ஒருநாள் பாஸ் வார நாளில் 820 யென், சனி ஞாயிறு 620.

6. சாப்பாடு

ஒரு நாளுக்கு 3,000 முதல் 4,000 யென் வைத்தால் அசைவம் சாப்பிடுகிறவர்கள் வயிறாரச் சாப்பிடலாம். காலையில் கொம்பினி, அதாவது தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன், லாசன், ஃபேமிலி மார்ட் கடைகள். சோற்று உருண்டை ஒன்று 150 முதல் 200 யென், இரண்டும் ஒரு காபியும் சேர்ந்து 500 யென் பக்கம். மதியம் கியூடோன் எனப்படும் மாட்டிறைச்சிச் சோற்றுக் கடைகளில் கிண்ணம் 500 யென் அளவில், ராமென் நூடுல்ஸ் 1,000 யென் பக்கம். உணவகங்களில் மதியச் சாப்பாடு ராத்திரியைவிட மலிவு. நல்ல கடைக்குப் போக ஆசை இருந்தால் மதியம் போங்கள்.

சைவர்களுக்குக் கணக்கே வேறு. மீன் இல்லை, கறி இல்லை என்று பார்த்து உதோன் என்ற தடித்த நூடுல்ஸை வாங்கினாலும் அதன் சாறு மீனில் எடுத்தது. மிசோ சூப்பும் அப்படித்தான். அதனால் சைவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 யென் கூடுதலாகப் போடுங்கள், ஏனென்றால் பல வேளை இந்திய உணவகத்தைத் தேடித்தான் போக வேண்டிவரும். பெரும்பாலும் நேபாளிகள் நடத்துவது. மதியம் குழம்பும் நான் ரொட்டியும் 1,000 முதல் 1,300 யென், பல கடைகளில் ரொட்டியைக் கேட்கக் கேட்கத் தருவார்கள். ராத்திரி அதே சாப்பாடு இரண்டாயிரத்தைத் தொடும். டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய, மளிகையும் கிடைக்கும். கோகோ இச்சிபன்யா என்ற குழம்புச் சோற்றுக் கடையின் பல கிளைகளில் சைவக் குழம்பு தனியாக உண்டு.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. கொம்பினியிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் வேகவைத்த வெறும் சோறு டப்பாவில் விற்கிறார்கள், 200 யென் அளவில். பிசினஸ் ஹோட்டல்களில் தானியங்கி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக்ரோவேவ் பெரும்பாலும் இருக்கும். மூடியின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து இரண்டு நிமிடம் வைத்தால் ஆவி பறக்கும், ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. தயிரும் அதே கடையில் கிடைக்கும், சர்க்கரை சேர்க்காததா என்று பார்த்து வாங்குங்கள். கறி சேர்ந்த எதையும், பழம், பச்சைக் காய்கறி, பச்சைக் கறிவேப்பிலை இவற்றையும் மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு மேல் ஊழியர் ஒருவர் ஸ்டிக்கர் கட்டோடு வருவார். முதலில் இருபது சதவீதம், கொஞ்சம் கழித்து அதன் மேலேயே பாதி விலை ஒட்டுவார். உள்ளூர்க்காரர்கள் கூடையோடு அலமாரிப் பக்கம் சும்மா நிற்பதுபோல நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், தப்பில்லை.

விலைச் சீட்டில் இரண்டு எண் இருக்கும். பெரிதாகத் தெரிவது பல இடங்களில் வரி சேராத விலை, சின்னதாக இருப்பதுதான் நீங்கள் கொடுப்பது. உணவை எடுத்துப்போனால் வரி 8 சதவீதம், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10. இசகாயா எனப்படும் மதுக்கடைகளில் உட்கார்ந்தவுடன் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அது இலவசம் இல்லை, தலைக்கு 300 முதல் 500 யென் பில்லில் சேரும். மற்றபடி டிப்ஸ் எங்கும் கிடையாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டில் ஒன்று கொண்டுபோனால் ஒரு நாளில் இருநூறு முந்நூறு யென் மிச்சம்.

7. நுழைவுச்சீட்டு

கியோட்டோவின் கின்ககுஜி, கியோமிசு கோயில்கள் தலா 500 யென். ஃபுஷிமி இனாரி, டோக்கியோவின் சென்சோஜி, மெய்ஜி கோயில் இலவசம். டோக்கியோவை உயரத்திலிருந்து பார்க்க, நகராட்சிக் கட்டடத்தின் 45ஆம் மாடிக்குக் காசில்லாமல் போகலாம். பழைய விலைகளை நம்பாதீர்கள். ஒசாகா கோட்டைக் கோபுரம் 2025 ஏப்ரலில் 600-லிருந்து 1,200 யென் ஆனது. ஹிமேஜி கோட்டை 2026 மார்ச் முதல் வெளியூர்க்காரர்களுக்கு 2,500. டிஸ்னிலேண்டும் யுனிவர்சல் ஸ்டூடியோஸும் தேதிக்குத் தேதி விலை மாறும். அந்த ஒரு நாளுக்குத் தாளில் நான்காவது நிறம் அடித்து, சாப்பாட்டோடு தலைக்குப் பதினைந்தாயிரம் யென் போட்டுவிடுங்கள்.

8. பணத்தை எப்படிக் கொண்டுபோவது

மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கு ரொக்கமாக இருக்கட்டும். கோயில் டிக்கெட், சின்ன ராமென் கடைகளின் டிக்கெட் இயந்திரம், ஐசி கார்டில் பணம் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான் நம்பகம். தீர்ந்தால் செவன் இலெவன் ஏடிஎம்மில் எடுக்கலாம்.

சாதாரண இந்தியக் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு மூன்று, மூன்றரை சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. அந்தக் கட்டணம் இல்லாத கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ வாங்குவது நல்லது. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள், நம் கார்டுகளில் அது அணைந்தே இருக்கும். அங்கே கடை இயந்திரம் "ரூபாயில் செலுத்தலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யென்னையே தேர்ந்தெடுங்கள்.

9. கூட்டிப் பார்ப்போம்

கியோட்டோவில் சுற்றும் ஒரு நாள், அறையை இருவர் பகிர்ந்தால் ஒருவருக்கு: அறை 7,000, தங்கல் வரி 400, பேருந்தும் ரயிலும் 1,100, சாப்பாடு 3,600, இரண்டு கோயில் 1,000, லாக்கர், தேநீர் போன்ற சில்லறை 500. மொத்தம் 13,600 யென், அதாவது சுமார் 8,200 ரூபாய். அதே ஆள் டோக்கியோவிலிருந்து கியோட்டோ வரும் நாளில் 26,000 யென்னைத் தொடுவார், 15,600 ரூபாய். ஹாஸ்டலில் தங்கி, கொம்பினியில் சாப்பிட்டு, இலவச இடங்களைப் பார்க்கிறவர் சுற்றும் நாளை 7,500 யென்னில் முடித்துவிடலாம்.

எல்லா நாளையும் கூட்டி, மேலே பத்து சதவீதம் சேருங்கள். கடைகளுக்குப் போகும் பணத்தை இதில் கலக்காதீர்கள், அது தனி உறையில். ஒரே கடையில் வரிக்கு முன் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கிக் கடவுச்சீட்டைக் காட்டினால் பத்து சதவீத வரி கழியும். ஆனால் 2026 நவம்பர் முதல் கடையில் முழு வரியையும் கட்டிவிட்டு, கிளம்பும்போது விமான நிலையத்தில் சரிபார்த்த பிறகே திரும்பப் பெற வேண்டும். அதன் பின் போகிறவர்கள் கையில் அந்தப் பணத்தையும் வைத்திருக்க வேண்டும், விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவும் போக வேண்டும்.

10. கடைசி நாள்

நாணயங்களைப் பணமாற்றுக் கடைகள் பெரும்பாலும் வாங்குவதில்லை. 500 யென் நாணயம் நான்கு சேர்ந்தாலே 1,200 ரூபாய். கடைசி இரண்டு நாள் கார்டைத் தொடாமல் சில்லறையிலேயே செலவழியுங்கள். அப்படியும் மிஞ்சினால் விமான நிலையக் கொம்பினியில், கையில் இருக்கும் சில்லறை, ஐசி கார்டு மிச்சம் இரண்டையும் கொடுத்துப் பொருள் வாங்கலாம், சேர்த்துக் கட்ட முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இகோகாவைத் திருப்பிக் கொடுத்தால் மிச்சத்திலிருந்து 220 யென் பிடித்துக்கொண்டு வைப்புத்தொகை 500-ஐத் தருவார்கள். ஆகவே மிச்சத்தைச் சுழியமாக்கிவிட்டுக் கொடுங்கள். ஒசாகா, கியோட்டோ பக்கத்து ரயில்களை நடத்தும் ஜேஆர் வெஸ்ட் நிலையங்களில்தான் திரும்ப வாங்குவார்கள், டோக்கியோவுக்குக் கொண்டுபோய்விட்டால் நடக்காது.